வீட்டுப் பத்திரம் பத்திரமா?

(தொடர் கல்வி மையத்தில் உரக்கப் படித்துப் பேசுவதற்கான உரை)

 

இன்றைக்கு நாம் ஒரு திருட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். இந்தத் திருடன் ராத்திரியில் வர மாட்டான். பூட்டை உடைக்க மாட்டான். பகலில் வருவான். சட்டைப் பையில் பேனா வைத்திருப்பான். நீங்கள் வீட்டுக்குள்ளே சமைத்துக் கொண்டிருப்பீர்கள். வீடு அதே இடத்தில்தான் இருக்கும். ஆனால் காகிதத்தில் அந்த வீடு வேறு ஒருவர் பேருக்குப் போயிருக்கும்.

இதற்குப் பேர்தான் பத்திர மோசடி.

பெங்களூரில் 20க்கு 30 சைட்டு ஒன்று வாங்க நாம் என்ன பாடு படுகிறோம்! கட்டட வேலை, கார்மென்ட்ஸ் வேலை, பூ வியாபாரம், வீட்டு வேலை என்று உழைக்கிறோம். சீட்டுக் கட்டுகிறோம். தாலிக் கொடியைக் கூட அடகு வைக்கிறோம். அப்படி வாங்கின பத்திரத்தை என்ன செய்கிறோம்? பிளாஸ்டிக் கவரில் போட்டு, பெட்டிக்கு அடியில் வைத்து விடுகிறோம். பூசைக்கு எடுத்து மஞ்சள் குங்குமம் வைக்கிறோம். பிரித்துப் படித்ததே இல்லை.

ஏன் படிக்கவில்லை? நமக்குப் படிக்கத் தெரியாது. இப்போது தெரியும். அதனால்தான் இந்தப் பேச்சு.

எப்படித் திருடுகிறார்கள்?

முதல் வழி, ஆள் மாறாட்டம். காலி சைட்டு ஒன்று இருக்கிறது. சொந்தக்காரர் வெளியூரில் இருக்கிறார். அவர் பேரில் போலி அடையாள அட்டை தயார் செய்கிறார்கள். வேறு ஒரு ஆளைக் கூட்டிப் போய், 'இவர்தான் சொந்தக்காரர்' என்று நிறுத்திப் பத்திரம் பதிந்து விடுகிறார்கள்.

இரண்டாவது வழி, வெற்றுக் காகிதம். அவசரத்துக்குக் கடன் கேட்கிறோம். கடன் கொடுப்பவர், 'இந்தப் பேப்பரில் ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா, சும்மா ஒரு நம்பிக்கைக்கு' என்கிறார். நாமும் போடுகிறோம், அல்லது கைநாட்டு வைக்கிறோம். பிறகு அந்தக் காகிதத்தில் அவருக்கு வேண்டியதை எழுதிக் கொள்கிறார்.

மூன்றாவது வழி, ஒரே சைட்டை இரண்டு பேருக்கு, மூன்று பேருக்கு விற்பது. ஒவ்வொருவரிடமும் ஜெராக்ஸைக் காட்டுவார்கள். 'அசல் பாங்கில் இருக்கிறது', 'அசல் தொலைந்து போச்சு' என்பார்கள்.

நான்காவது வழி, இறந்தவர் பேர். அப்பா பேரில் வீடு இருக்கிறது. அப்பா இறந்து பத்து வருடம் ஆகிறது. பிள்ளைகள் பேர் மாற்றவில்லை. இறந்தவர் முன்பே கையெழுத்துப் போட்டது போல ஒரு போலிக் காகிதம் கிளம்பும். இறந்தவர் வந்து 'இது என் கையெழுத்து இல்லை' என்று சொல்ல முடியுமா?

ஏழைக்கு மட்டும்தான் இப்படி நடக்கும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் எல்விஸ் பிரெஸ்லி என்று பேர் பெற்ற பாடகர் இருந்தார். 1977-ல் இறந்து போனார். மெம்பிஸ் நகரத்தில் உள்ள அவருடைய வீட்டுக்குப் பேர் கிரேஸ்லேண்ட். லட்சக் கணக்கான பேர் வந்து பார்க்கிற வீடு அது. அவருடைய மகள் 2023-ல் இறந்தார். அதன் பிறகு ஒரு காகிதம் வெளியே வந்தது. மகள் அந்த வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கினதாக அதில் எழுதியிருந்தது. 2024 மே மாதம் வீட்டை ஏலம் விடப் போவதாக அறிவிப்பும் வந்து விட்டது. பேத்தி கோர்ட்டுக்குப் போனார். காகிதத்தில் சாட்சி முத்திரை போட்டதாக இருந்த அதிகாரி, 'இந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை' என்றார். கோர்ட்டு ஏலத்தை நிறுத்தியது. போலிக் காகிதம் தயார் செய்த பெண்ணுக்கு 2025-ல் சிறைத் தண்டனை கிடைத்தது.

அவ்வளவு பெரிய வீட்டுக்கே இந்தக் கதி. ஆனால் அந்தக் குடும்பம் அறிவிப்பைப் பார்த்தது. உடனே கோர்ட்டுக்குப் போனது. வீடு தப்பியது. சீக்கிரம் தெரிந்தால் தப்பலாம்.

பதிவு ஆபீசு நம்மைக் காப்பாற்றாதா?

நிறையப் பேர் கேட்கிற கேள்வி இது. 'சப் ரிஜிஸ்டிரார் ஆபீசில் பதிவு ஆகியிருக்கிறதே! கவர்மென்டு முத்திரை இருக்கிறதே! அப்புறம் என்ன பயம்?'

இங்கேதான் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் பத்திரப் பதிவுக்கு 1908-ம் வருடச் சட்டம் இருக்கிறது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீட்டையோ நிலத்தையோ விற்றால் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். சப் ரிஜிஸ்டிரார் என்ன பார்க்கிறார்? வந்த ஆள் யார், கையெழுத்துப் போட்டாரா, கட்டணம் கட்டியாச்சா என்று பார்க்கிறார். விற்கிறவருக்கு உண்மையில் அந்த வீடு சொந்தமா என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது அவர் வேலை இல்லை.

2025 ஏப்ரல் மாதம் சுப்ரீம் கோர்ட்டே இதைச் சொன்னது. அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. விற்கிறவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராயும் அதிகாரம் பதிவு அதிகாரிக்குக் கிடையாது என்று தீர்ப்பு வந்தது. உரிமை யாருக்கு என்று சொல்ல வேண்டியது சிவில் கோர்ட்டு.

கர்நாடக அரசு 2023-ல் பதிவுச் சட்டத்தைத் திருத்தியது. போலிப் பத்திரம் என்று தெரிந்தால் பதிய மறுக்கலாம் என்று அதில் சேர்த்தது. நல்லதுதான். ஆனால் போலி என்று தெரிய வேண்டுமே! நம் வீட்டைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் நாம்தான். எனவே காவல் வேலையும் நம்முடையதுதான்.

எந்தக் காகிதம் என்ன சொல்லும்?

வீட்டுக் காகிதம் என்று நம்மிடம் நாலைந்து இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு.

கிரயப் பத்திரம்: யார் விற்றார், யார் வாங்கினார், எந்த இடம், என்ன விலை என்று சொல்லும். இதுதான் முக்கியமான காகிதம்.

தாய்ப் பத்திரம்: நமக்கு விற்றவருக்கு அந்த இடம் எப்படி வந்தது, அவருக்கு முந்தி யாரிடம் இருந்தது என்று காட்டும் பழைய பத்திரம். சங்கிலி மாதிரி. ஒரு கண்ணி இல்லாமல் போனாலும் சந்தேகப்பட வேண்டும்.

வில்லங்கச் சான்று: ஈ.சி. என்று சொல்கிறோமே, அது. அந்த இடத்தின் மேல் இத்தனை வருடத்தில் பதிவான விற்பனை, அடமானம், தானம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லும். பதிவுகள் இருந்தால் பாரம் 15 கொடுப்பார்கள். ஒன்றுமே இல்லை என்றால் பாரம் 16. பதிவு செய்யாத கடன், வெறும் ஒப்பந்தம் இதில் வராது. அதையும் மறக்கக் கூடாது.

காத்தா: யார் வரி கட்ட வேண்டும் என்று மாநகராட்சி வைத்திருக்கும் கணக்கு. முன்பு பி.பி.எம்.பி. கொடுத்தது. 2025 செப்டம்பரிலிருந்து பெங்களூரில் ஐந்து மாநகராட்சிகள் ஆகிவிட்டன. காத்தா இருப்பது நல்லது. ஆனால் காத்தா மட்டும் வைத்துக் கொண்டு 'நான் சொந்தக்காரன்' என்று சொல்ல முடியாது. கந்தாய ரசீதும் அப்படித்தான். வரி கட்டினோம் என்பதற்கு அது சாட்சி. அவ்வளவுதான்.

ஹக்குபத்திரம்: குடிசைப் பகுதி மேம்பாட்டு வாரியம் போன்ற அரசு அமைப்புகள் கொடுப்பது. இதில் நிபந்தனைகள் இருக்கும். 'இத்தனை வருடம் விற்கக் கூடாது' என்று இருக்கலாம். அந்த நிபந்தனையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வட்டிக்காரரிடம் இதை அடகு வைக்காதீர்கள்.

'பவர்' என்றால் சொந்தமா?

பெங்களூரில் நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். விவசாய நிலத்தைத் துண்டு போட்டுச் சைட்டாக விற்கிறார்கள். ரெவின்யூ சைட்டு என்கிறோம். விலை குறைவு. 'பத்திரம் பண்ண முடியாது, பவர் எழுதித் தருகிறேன். அதுவே பத்திரம் மாதிரிதான்' என்பார் புரோக்கர்.

பவர் என்பது என்ன? எனக்காக இந்த வேலையைச் செய் என்று ஒருவருக்குக் கொடுக்கும் அனுமதி. கடைக்குப் போய் வர உங்கள் சைக்கிளைப் பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கொடுக்கிறீர்கள். சைக்கிள் அவனுக்குச் சொந்தமாகி விடுமா?

2011 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகச் சொல்லி விட்டது. பவர், வெறும் விற்பனை ஒப்பந்தம், உயில் இவற்றை வைத்து வீடு கைமாறாது. முறைப்படி எழுதிப் பதிந்த கிரயப் பத்திரம் இருந்தால்தான் கைமாறும் என்பது அந்தத் தீர்ப்பு.

பவர் கொடுக்கவே கூடாதா? அப்படி இல்லை. உடம்பு முடியாதவர் மகளுக்குக் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர் தம்பிக்குக் கொடுக்கலாம். ஆனால் என்ன வேலைக்கு என்று எழுத வேண்டும். வரி கட்ட மட்டும் என்றால் 'விற்க அதிகாரம் இல்லை' என்று எழுதச் சொல்லுங்கள். நம்பிக்கை போய்விட்டால் வக்கீலைக் கேட்டு அந்தப் பவரை ரத்துப் பத்திரம் எழுதிப் பதிந்து விடுங்கள். அந்த ஆளுக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள்.

கைநாட்டுக்குக் காவல்

2023-ல் பெங்களூரில் ஒரு புது மோசடி நடந்தது. பத்திரம் பதியும்போது நம் கட்டைவிரல் ரேகையை வைக்கிறோம் அல்லவா? ஆதார் எண்ணும் கொடுக்கிறோம். பதிவுத் துறையின் காவேரி என்ற கம்ப்யூட்டர் தளத்திலிருந்து பத்திர நகல்களை எடுத்தார்கள் சில பேர். அதிலிருந்த ரேகையைப் போலவே அச்சு செய்தார்கள். அந்தப் போலி ரேகையையும் ஆதார் எண்ணையும் வைத்துப் பாங்குக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்து விட்டார்கள். கணக்குக்காரர் கை எங்கேயும் படவே இல்லை.

இதற்குத் தடுப்பு உண்டு. ஆதாரில் நம் ரேகையைப் பூட்டி வைக்கலாம். தேவைப்படும்போது திறக்கலாம். ஆதார் உதவி எண் 1947. போன் செய்து கேளுங்கள். கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

நம் வீட்டுக்கு நாமே காவல்

ஒன்று: பத்திரத்தைப் படியுங்கள். 'ஐயா, நாங்கள் தமிழ்தானே படித்தோம், பத்திரம் கன்னடத்தில் இருக்கிறதே' என்பீர்கள். நியாயம்தான். கன்னடப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டுத் தமிழில் எழுதிக் கொள்ளுங்கள். கன்னட எண்கள் பத்துதான். ஒரு வாரத்தில் கற்றுக் கொள்ளலாம். எண் தெரிந்தால் பாதிப் பத்திரம் தெரிந்த மாதிரி.

இரண்டு: செக்குபந்தியைச் சரி பாருங்கள். கிழக்கே யார் வீடு, மேற்கே என்ன, வடக்கே எந்த ரோடு, தெற்கே யார் சைட்டு என்று பத்திரத்தில் இருக்கும். வெளியே நின்று பாருங்கள். டேப் வைத்து அளந்து பாருங்கள். பேரில் ஒரு எழுத்துத் தப்பாக இருந்தாலும் திருத்தப் பத்திரம் எழுதிச் சரி செய்யுங்கள்.

மூன்று: வருடத்துக்கு ஒரு தடவை ஈ.சி. எடுங்கள். பொங்கலுக்கோ யுகாதிக்கோ ஒரு நாள் வைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் வாங்கின நாளிலிருந்து இன்று வரைக்கும் கேளுங்கள். 2004 ஏப்ரலுக்குப் பிறகு பதிவானதைக் காவேரி தளத்தில் பார்க்கலாம். அதற்கு முந்தியதைப் பதிவு ஆபீசில் கேட்டு வாங்க வேண்டும். உங்களுக்குத் தெரியாத பேர் அதில் இருந்தால் ஒரு நாளும் சும்மா இருக்காதீர்கள்.

நான்கு: மின் காத்தா எடுங்கள். 2024 அக்டோபரில் இது பெங்களூருக்கு வந்தது. சொந்தக்காரர் பேர், ஆதார், பத்திர விவரம், வீட்டுப் படம் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகிறது. பேரும் அளவும் சரியா என்று நீங்களே பாருங்கள். 'பி காத்தாவை ஏ காத்தாவாக மாற்றித் தருகிறேன், அசல் பத்திரத்தைக் கொடுங்கள்' என்று யாராவது வந்தால் அசலைக் கொடுக்காதீர்கள். நேரில் மாநகராட்சி ஆபீசுக்குப் போய்க் கேளுங்கள்.

ஐந்து: அசல் பத்திரம் கையை விட்டுப் போகக் கூடாது. ஜெராக்ஸ் எடுக்கக் கூட நீங்களே போங்கள். ஜெராக்ஸ் கொடுக்கும்போது குறுக்கே கோடு போட்டு, 'கரன்ட் கனெக்‌ஷனுக்கு மட்டும்' என்பது போல எதற்கு என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆறு: வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து வேண்டாம். கைநாட்டும் வேண்டாம். தம்பி கேட்டாலும், கடன்காரர் கேட்டாலும் வேண்டாம். 'படித்துக் காட்டுங்கள், பிறகு போடுகிறேன்' என்று சொல்லுங்கள். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஏழு: வீட்டுப் பெரியவர் இறந்தால் இறப்புச் சான்று, வம்சாவளிச் சான்று வாங்கிக் காத்தாவை வாரிசுகள் பேருக்கு மாற்றுங்கள். பெண் பிள்ளைகள் பேரையும் விடாதீர்கள். அவர்களுக்கும் உரிமை உண்டு.

எட்டு: காலி சைட்டு இருந்தால் வேலி போடுங்கள். பேர்ப் பலகை வையுங்கள். மாதம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் போன் நம்பர் கொடுத்து வையுங்கள்.

மோசடி நடந்து விட்டால்?

பயந்து உட்காராதீர்கள். மோசடிக்காரனோடு தனியாகப் பேரம் பேசவும் போகாதீர்கள்.

முதலில் அந்தப் போலிப் பத்திரத்தின் முத்திரை போட்ட நகலைப் பதிவு ஆபீசில் வாங்குங்கள். அதில் யார் கையெழுத்து, யார் சாட்சி, யார் போட்டோ என்று தெரியும்.

அதை வைத்துப் போலீசில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். முன்பு 420 என்று சொன்னோமே, ஏமாற்று வழக்கு, அது 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் 318-ம் பிரிவு ஆகிவிட்டது. புகாருக்கு ரசீது வாங்குங்கள்.

போலிப் பத்திரம் பற்றிப் பதிவுத் துறைக்கும் மாநகராட்சிக்கும் மனுக் கொடுங்கள். 'என் வீட்டுக் காத்தாவை மாற்றாதீர்கள்' என்று எழுதுங்கள். மனுவின் நகலில் ஆபீசு முத்திரை வாங்கிக் கொள்ளுங்கள்.

பிறகு சிவில் கோர்ட்டு. போலிப் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். வீட்டை வேறு யாருக்கும் விற்காமல் தடை உத்தரவும் கேட்க வேண்டும். இதற்குக் கெடு உண்டு. விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் ரத்து வழக்குப் போட வேண்டும். வேறு ஒருவர் உங்கள் இடத்தில் தனக்கே சொந்தம் என்று பன்னிரண்டு வருடம் இருந்து விட்டால் இடத்தை மீட்பதே கஷ்டம். அதனால் 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று தள்ளிப் போடாதீர்கள்.

வக்கீலுக்குப் பணம்? அதற்கும் வழி இருக்கிறது. இலவச சட்ட உதவிச் சட்டம் 1987-ல் வந்தது. 1995 நவம்பர் 9 முதல் நடப்புக்கு வந்தது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர், ஆலைத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் இலவச வக்கீல் உண்டு. பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. போன் நம்பர் 15100. பெங்களூரில் சித்தையா ரோட்டில் நியாய தேகுலா என்ற கட்டடத்தில் மாநில சட்டப் பணிகள் ஆணையத்தின் ஆபீசு இருக்கிறது. நேரில் போகலாம்.

நண்பர்களே! எழுத்துத் தெரியாதபோது, 'படித்தவர் சொன்னார், கையை வைத்தேன்' என்றோம். இனி அப்படி வேண்டாம். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் பரவாயில்லை. ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. நீங்கள் படிக்கிற வரைக்கும் எதிரே இருப்பவர் காத்திருக்கட்டும். காத்திருக்க மாட்டேன் என்று அவசரப்படுத்துகிறவரிடம்தான் சந்தேகம் வர வேண்டும்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுங்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து படியுங்கள். 

யோசிப்போம், பேசுவோம்

1. பத்திரம் பதிவானால் மட்டும் போதுமா? ஏன்?
2. காத்தாவுக்கும் கிரயப் பத்திரத்துக்கும் என்ன வித்தியாசம்?
3. 'பவரே போதும்' என்று சொல்கிற புரோக்கருக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?
4. உங்கள் தெருவில் யாராவது இறந்தவர் பேரிலேயே வீட்டை வைத்திருக்கிறார்களா? அவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

எழுதிப் பழகுவோம்

நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பத்திரம் இல்லாத வேறு இடத்தில் வையுங்கள்.

பத்திரம் யார் பேரில்: ............
பத்திர எண்ணும் தேதியும்: ............
பதிவு ஆபீசின் பேர்: ............
சைட்டு எண், சர்வே எண்: ............
நீளம், அகலம்: ............
கிழக்கே ............ மேற்கே ............
வடக்கே ............ தெற்கே ............
கடைசியாக ஈ.சி. எடுத்த தேதி: ............